துப்பறியும் நாவல் அறக்கட்டளை

அன்புத் தம்பிக்கு,

எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் அறக்கட்டளை நிறுவியிருக்கிறார். அதன் வட்டியில் ஆண்டுதோறும் துப்பறியும் நாவல்கள் மட்டுமே வாங்க வேண்டுமாம். ஒவ்வொன்றையும் நூலகர், அதாவது நான், முதலில் படிக்க வேண்டுமாம். அதுவரை முடிவை யாரும் என்னிடம் சொல்லக் கூடாதாம்!

"யாரும்மா இந்தப் புண்ணியவான்?" என்று பதிவாளர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்.

"சின்ன வயசுல கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சுட்டு, அக்காகிட்ட உளறி உளறி அடி வாங்கினவன் சார்" என்றேன்.

போனில் சொல்லலாமென்றால், வீட்டைப் பங்கு பிரித்த நாளிலிருந்து நம் இருவர் போனுக்கும் வாயடைத்துப் போயிற்றே.

முதல் நாவலை முடித்துவிட்டேன், பிரமாதம். உனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பதறாதே, நூலகத்துடையது அல்ல, என் காசில் வாங்கியது.

கடைசிப் பக்கம் மட்டும் என் வீட்டில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்.

உன் அக்கா