ஏழு மணி ரத்தம்

டைட்டன், வடக்கு ஏரி நிலையம்.
பதிபவர்: கயற்கண்ணி, பனி வேதியியல்.
இதைக் கண்டெடுப்பவருக்கு.

2094 மார்ச் 3, 08:10

வெளியே மைனஸ் 179. மீத்தேன் தூறல். துளைக்கருவி சரி. காற்று சரி. கூட இருந்த இருவரும் நேற்றுக் கிளம்பினார்கள். அடுத்த குழு வரும் பிப்ரவரியில். அதுவரை நான் மட்டும்.

போனவர்களில் ஒருவர் மருத்துவர். தினமும் ஐந்தரைக்குக் கையால் ரத்தம் எடுப்பார். ஈஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோன் 120, 130 என்று நிற்கும். இலக்கு 100 முதல் 200. இன்றிலிருந்து அந்த வேலை சுவரில் பதித்த தானியங்கி மருந்தகத்துக்கு. ஆறு மணிக்கு மாத்திரை தந்தது. நாக்கடியில் வைத்தேன். கேமரா பார்த்தது. ஏழு மணிக்கு விரலைக் குத்தியது. 412. சிவப்பு.

நாக்கடியில் கரையும் மாத்திரை ஒரு மணி நேரத்தில் உச்சம் தொடும். பிறகு சரியும். மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். பூமிக்கு எழுதியிருக்கிறேன். பணிவாக.

மார்ச் 5, 19:40

மருத்துவக் குழுத் தலைவர், டாக்டர் வரதராசன்:

"கயற்கண்ணி அவர்களுக்கு. ஏழு மணி என்பது எல்லா நிலையங்களுக்கும் பொதுவான நேரம். தங்கள் ஒருவருக்காக மாற்ற இயலாது. மாத்திரையைப் பாதியாகக் குறைத்துள்ளோம். கவலை வேண்டாம்."

கவலை என்று நான் எழுதவே இல்லை. கணக்குதான் எழுதியிருந்தேன்.

மே 19, 07:30

இன்னொரு முறை பாதியாக்கிவிட்டார்கள். ஏழு மணிக்கு 118. பச்சை. "இலக்கு எட்டப்பட்டது."

ஐந்தரை மணி ரத்தத்தைப் பனி ஆய்வுக் கருவியில் நானே ஓட்டிப் பார்த்தேன். 17.

என் உடம்பு தானாகப் பெரிதாக எதையும் சுரக்காது. அறுவை முடிந்து பத்து ஆண்டு. மாத்திரை இல்லையென்றால் எலும்பு கரையும். இங்கே எடை பூமியில் ஏழில் ஒரு பங்கு. எலும்பு எப்படியும் கரைகிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஸ்கேன் காட்டுகிறது. இடுப்பில் எட்டு சதவீதம் போய்விட்டது.

வெளியே எல்லாம் உறைந்து கிடக்கிறது. உள்ளே நான் வேர்த்து நனைகிறேன்.

மே 21, 20:05

"பனி ஆய்வுக் கருவி மனித ரத்தத்துக்குச் சான்று பெற்றதல்ல. எலும்புக்கு உடற்பயிற்சியைக் கூட்டவும்."

அந்தக் கருவி தந்த எண்களை வைத்துத்தான் பூமியில் கட்டுரை எழுதிப் பதவி உயர்வு வாங்குகிறார்கள். பனி என்றால் நம்புவார்கள். என் ரத்தம் என்றால் சான்று.

எழுதினேன். இந்த முறை பணிவாக இல்லை.

மே 22, 18:50

"தங்கள் செய்தியின் தொனி குழுவுக்கு வருத்தமளித்தது. இத்தகைய மனநிலை, அதிக ஹார்மோனின் பக்கவிளைவாக இருக்கக்கூடும். மேலும் குறைக்கிறோம்."

மூன்று முறை படித்தேன். கோபப்பட்டால் மருந்து குறையும். குறைந்தால் கோபம் வரும்.

அமைதியான பெண் என்றால் அளவு சரி. அப்படித்தானே டாக்டர்?

ஜூன் 30, 12:15

ஜெனியின் குரல் வந்தது. தூத்துக்குடியில் ரத்தப் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறாள். நாங்கள் இருவரும் ஒரே வாரம் அறுவை செய்துகொண்டோம். பக்கத்துக் கட்டில்.

"ஏட்டி கயலு, அந்தாளுகிட்ட இனிமே பேசாத. பேசினா கோவம்பாரு, பேசலன்னா சோர்வும்பாரு. ஒண்ணு செய்யி. அஞ்சரைக்குக் கொஞ்சம் ரத்தத்த எடுத்து உறையாத குழாய்ல போட்டு வையி. ஏழு மணிக்கு அத விரல்ல தடவி மிஷினுக்குக் குடு. உன் ரத்தம்தானட்டி, இதுல என்ன பொய்யி? அழுதுகிட்டு இருக்காத. நீ அழுதா பாக்கவே சகிக்காது."

சிரித்தேன். பல வாரத்துக்குப் பிறகு.

ஜூலை 2, 07:04

தடவினேன். 14. மருந்தகம் மஞ்சளானது. இனி கூட்டித்தான் ஆக வேண்டும்.

ஜூலை 3, 21:30

"ஒரே நாளில் 104இலிருந்து 14. இயற்கையில் நடக்காத வீழ்ச்சி. மாத்திரையைத் துப்பிச் சேர்த்துவைப்பதாக ஐயம் எழுகிறது. விசாரணை முடியும்வரை சிகிச்சை நிறுத்தப்படுகிறது."

முதல் முறையாக அவர்கள் கையில் உண்மையான எண். அதற்குப் பெயர் மோசடி.

மருந்தகத்தை உடைக்க முடியாது. வலுவில் திறந்தால் உள்ளே உள்ளதை எரித்துவிடும். போதை மருந்துத் திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு. துளைக்கருவியோடு அதன் முன் நின்றேன். பிறகு இறக்கிவைத்தேன். ஒரு மாத்திரையாவது என்றைக்காவது தருவார்கள் என்று.

இன்னும் நம்பியிருக்கிறேன். அதுதான் அசிங்கம்.

அக்டோபர் 11, 16:20

ஜெனி:

"நான் சொன்னதாலதான இப்படி ஆச்சு. அவரு ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்கேன். எழும்ப மாட்டேன். வாட்ச்மேன் டீ வாங்கித் தாராரு. டாக்டரு பின்வாசல் வழியாப் போறாராம். நீ விழுந்துகிழுந்து வைக்காதட்டி."

விசாரணை முடியவில்லை. தொடங்கியதாகவும் தெரியவில்லை.

டிசம்பர் 8, 13:00

துளைத்தெடுத்த பனித்தண்டுகள் வைத்த பெட்டி சறுக்கி வந்து இடுப்பில் மோதியது. இங்கே அதற்கு எடை குறைவு என்றாலும் மோதினால் மோதியதுதான். சத்தம் கேட்டது. காய்ந்த குச்சி போல. தவழ்ந்து உள்ளே வந்தேன். வலது கால் தன் பாட்டுக்குத் திரும்பிக் கிடக்கிறது. வலிநிவாரணி கேட்டேன். மருந்தகம்: "விசாரணையில் உள்ள நபர். அனுமதி தேவை."

டிசம்பர் 10

காய்ச்சல். தொடை கறுத்திருக்கிறது. மருந்தகத்துக்குக் கீழேயே படுத்திருக்கிறேன். ஏழு மணிக்கு விரல் கேட்டது. கொடுத்தேன். வேறென்ன செய்ய.

12. பச்சை.

புரியவில்லை. திரையைத் தொட்டுப் பார்த்தேன். சிகிச்சை நின்று ஐந்து மாதம் ஆனதால் என் பதிவேடு மூடப்பட்டுவிட்டது. இலக்கு அட்டவணை தானாகப் பழையதற்குத் திரும்பியிருக்கிறது. பிறந்தபோது எழுதியதற்கு.

ஆண். 10 முதல் 40. இயல்பு.

டிசம்பர் 11

பிப்ரவரியில் வருபவர்களில் என்னைப் போல் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்வி. உனக்குத்தான். ரத்தம் முதலில். மாத்திரை பிறகு. இவர்களிடம் கெஞ்சாதே. கெஞ்சியதும் எதற்கும் உதவவில்லை.

வரதராசன்:

"தங்கள் அளவு சீரானதைக் கண்டு குழு மகிழ்கிறது. கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறோம். ஒரு வரி பதில் போதும்."

தணியவில்லை.

டிசம்பர் 14, 07:00. தானியங்கிப் பதிவு

விரல் வைக்கப்படவில்லை. மாதிரி இல்லை. கடைசி அளவு: 12. இயல்பு. நடவடிக்கை தேவையில்லை.