கேரியர் இல்லாத சைக்கிள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் தாமதம். தெருமுனையில் பையைக் கட்டிக்கொண்டு நின்றது நான். போர்வைக்குள் புரண்டு படுத்தது மகாராஜா. மகாராஜா என்றால் என் கொழுந்தன். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. முதல் பஸ் வருவதற்கு முன்பே எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட் தொடங்கிவிடும். வேறு வழி இல்லை. இதை அவரும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

நான் உள்ளே நுழையும்போது இஸ்திரி மெஷின்கள் சூடேறிவிட்டிருந்தன. மேலாளரம்மா கூப்பிட்டனுப்பினார். சாவிக்கார அக்கா ஏப்ரல் கடைசியில் ஓய்வு பெறுகிறார். காலையில் கூடத்தைத் திறந்து, பாய்லரைப் போட்டு, ஷிப்டை நடத்துகிற பொறுப்பு அவருடையது. அடுத்த மூப்பு நான்தான். ஆனால் மேலாளரம்மா சொன்னது: "சாவி வச்சிருக்கிறவங்க அடுத்தவங்க தூக்கத்த நம்பி வர முடியாதும்மா. சொந்தமா வர ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா மடிப்புப் பிரிவுக்காரிக்குத்தான் குடுக்கணும்."

இதை வீட்டில் வந்து சொன்னேன். சாப்பிட வந்திருந்த மகாராஜா வாய் நிறையச் சோற்றோடு சிரித்தார். "சாவியா? நான் இல்லன்னா அண்ணிக்கு வேலையே இல்லயே!"

அவர் சிரித்தது கூடப் பரவாயில்லை. என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். இருபத்திரண்டு வருஷமாக ஆவியில் வெந்த கை இது. இன்னொருத்தர் பின்சீட்டாலா எனக்கு வேலை?

மார்ச் 4, புதன்

சைக்கிள் வாங்கப் போகிறேன். மையில் எழுதியிருக்கிறேன், அழிக்க முடியாது.

மார்ச் 7, சனி

பெரிய கடைக்கு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனதுதான் தப்பு. விற்பனைக்காரன் என்னைப் பார்க்கவே இல்லை. "சார், மேடத்துக்குக் கூடை வச்ச மாடல் இருக்கு, வாக்கிங் மாதிரி சும்மா ஓட்டலாம்" என்கிறான். சும்மா ஓட்டவா நான் போகிறேன்? மழையில் ஓட்டணும், இருட்டில் ஓட்டணும், ரயில் மேம்பாலம் ஏறணும். ஓட்டப் போறது நான், என்கிட்ட பேசுங்கன்னு சொன்னேன். விலையைச் சொன்னான். எனக்குத் தலை சுற்றியது, அவருக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா, நமக்கு எதுக்கு இதெல்லாம்?"

நேராக பஞ்சர் கடைக்கு நடந்தேன். அவர் பின்னால் வந்தார், வேறென்ன செய்வார். பஞ்சர் கடைக்காரர் எரிந்து விழுகிற ஆள். பழைய சைக்கிள்களைச் சரி செய்து விற்பார். வாங்க உட்காருங்க எல்லாம் கிடையாது. "தினமும் எவ்ளோ தூரம்? மேடு உண்டா? ராத்திரி எங்க நிறுத்துவீங்க?" இது மூன்றும்தான் கேட்டார். ஒரு சிவப்புச் சைக்கிள் பளபளவென்று இருந்தது, அதில் கை வைத்தேன். "அது பெயிண்டுக்கு அழகு. சக்கரத்தச் சுத்திப் பாருங்க" என்றார். சுற்றினேன், ஆடியது. அப்புறம் ஒரு பச்சையைக் காட்டினார். சீட் கிழிசல், பெல் இல்லை. முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க்கில் ஒரு பற்றவைப்பு, அது தன் கை வேலை என்று அவரே சொன்னார். சக்கரம் ஆடாமல் சுற்றியது, பிரேக் பிடித்ததும் நின்றது. வாங்கிவிட்டேன்.

"கேரியர் போடவா?" என்று கேட்டார்.

"வேணாம். யாரையும் பின்னாடி ஏத்துறதா இல்ல."

"பூட்டு? அந்தக் கம்பிப் பூட்டு வேணாம், கத்திரிக்கோலே போதும் அதுக்கு. இந்த இரும்புப் பூட்ட வாங்குங்க." தூக்கிப் பார்த்தேன், அம்மிக் குழவி கனம். விலையும் கனம்தான். கம்பிப் பூட்டே போதும் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 8, ஞாயிறு

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓட்டிப் பழகினேன். பதினாறு வயதில் விட்டது. விழுந்தேன், எழுந்தேன். மறுபடி விழுந்தேன். மாடி ஜன்னலிலிருந்து யாரோ கைதட்டினார்கள். கேலியோ பாராட்டோ தெரியாது, நானும் கையசைத்தேன்.

மார்ச் 11, புதன்

முதல் நாள். மேம்பாலத்தில் இறங்கித் தள்ளினேன். ஆனாலும் சாவிக்கார அக்கா வருவதற்கு முன்பே நான் வாசலில் நின்றேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டு சைக்கிளைப் பார்த்தார். "அடி சக்கை!" என்றார். நாளெல்லாம் முழங்கால் வலி. வலிக்கட்டும்.

மார்ச் 16, திங்கள்

காவலாளிக்கும் எனக்கும் சண்டை. ஷெட் அதிகாரிகளுக்கு மட்டுமாம், சலவைக்காரிகள் சைக்கிள் மதிலுக்கு வெளியே நிற்கணுமாம். வெளியே நிறுத்தினால் சாயங்காலம் பெடல் கூட மிஞ்சாது. சலவைக்கூட ஜன்னல் கம்பியில் பூட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் காற்றைப் பிடுங்கிவிட்டிருக்கிறார்!

மார்ச் 17, செவ்வாய்

எனக்கு வந்ததே ஒரு யோசனை! தொற்று வார்டுத் துணியெல்லாம் சிவப்புப் பையில் வரும். சிவப்புப் பை என்றால் கையுறை இல்லாமல் இந்த வளாகத்தில் ஒரு ஈ காக்காய் தொடாது. புதுப் பைக் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து சீட்டுக்கு மாட்டிவிட்டேன். காவலாளி வந்தார், பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றுவழியில் போனார்.

நாங்கள் எல்லாம் கூடத்துக்குள் வயிறு வலிக்கச் சிரித்தோம். மேலாளரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் எடுக்கச் சொல்லவும் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

கிழிந்த சீட்டைத் தைத்தேன். சலவைக்கூடத்தில் ஆளுக்கு ஒரு தையல் அடையாளம் உண்டு. சரியாக இஸ்திரி போடாத விரிப்பு வார்டிலிருந்து திரும்பி வந்தால் யார் கை என்று தெரியணுமே. என்னுடையது இரண்டு பெருக்கல் குறி, ஒரு கோடு. அதையே சீட்டுக்கு அடியில் போட்டேன். பழக்கதோஷம்.

சைக்கிள் வீட்டுக் கூடத்தில்தான் தூங்குகிறது. இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வருகிறேன். வீட்டுக்காரர் முழங்காலில் பெடல் இடித்து, "வீடா இது, சைக்கிள் ஸ்டாண்டா?" என்றார். ரெண்டும்தான் என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

மேம்பாலத்தில் இறங்கவில்லை. உச்சி வரைக்கும் மிதித்தேன்! இறக்கத்தில் காற்று முகத்தில் அடிக்க நான் ஏதோ பாடினேன் போலிருக்கிறது. எதிரே நடந்து வந்தவர் ஒதுங்கி நின்றார்.

ஏப்ரல் 2, வியாழன்

போச்சு.

ஏப்ரல் 3, வெள்ளி

நேற்று ஒரு வார்த்தைக்கு மேல் எழுத முடியவில்லை.

வேலை முடிந்து வரும் வழியில் மார்க்கெட்டில் நிறுத்தினேன். வெங்காயம் வாங்கத்தான். சிவப்புப் பையை சீட்டுக்கு மாட்டினேன். பூட்டு ஹேண்டிலில் தொங்கியது – பூட்டவில்லை. ஆமாம், பூட்டவில்லை! ஆஸ்பத்திரியில் இரண்டு வாரமாகப் பூட்டவே இல்லை, யாரும் தொடவும் இல்லை. பையே காவல் என்று இருந்துவிட்டேன். மார்க்கெட்டுக்கு என்ன தெரியும் சிவப்பைப் பற்றி? திரும்பி வந்தால் சைக்கிள் இல்லை. பையை மட்டும் ஓரமாக மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், மரியாதைக்காரன்.

போலீஸ் ஸ்டேஷனில் "சைக்கிளுக்கா புகார்?" என்றார்கள். புகார் நகல் கையில் வராமல் நகரமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் சலித்துப்போய்க் கொடுத்தார்கள்.

நேற்று ராத்திரியே மகாராஜா வந்தார். துக்கம் விசாரிக்கிற முகம், உள்ளே கொண்டாட்டம். "விடுங்க அண்ணி. நாளையிலேர்ந்து பழையபடி நான் கூட்டிட்டுப் போறேன். நாந்தான் அன்னைக்கே சொன்னேனே."

"வேணாம் தம்பி, நடந்துக்கறேன்."

அவர் போனதும் வீட்டுக்காரர், "ஏன் இந்த வீம்பு?" என்றார். வீம்புதான். அழுகை வந்தது, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சாவி கைக்கு வரப் போகிற நேரத்தில் – ஒரு கிலோ வெங்காயத்துக்காக! என்னைத்தான் செருப்பால அடிக்கணும்.

ஏப்ரல் 4, சனி

இன்றும் நடந்தேதான் போனேன். விடியாத ரோட்டில் நாய்களும் நானும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வரும் வழியில் பஞ்சர் கடையில் அந்த இரும்புப் பூட்டை வாங்கினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வண்டி?" என்றார். "இல்ல" என்றேன். பூட்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்காரர் கேட்டார்: "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?"

கெட்டது வண்டி. கண் நல்லாத்தான் இருக்கு.

ஏப்ரல் 10, வெள்ளி

தினமும் நடை. பையில் பூட்டு. எதற்கு இதைச் சுமக்கிறாய் என்று சாவிக்கார அக்கா கேட்டார். வீட்டில் வைத்தால் தோற்றுப்போன மாதிரி இருக்கிறது அக்கா என்றேன். தோள் கன்றிப் போயிருக்கிறது. மடிப்புப் பிரிவுக்காரியை மேலாளரம்மா இன்று தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார்களோ. கால் வீக்கத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது.

ஏப்ரல் 18, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது!

மேம்பாலத்துக்குக் கீழே மருந்துக் கடை வாசலில் ஒரு கறுப்புச் சைக்கிள். பின்னால் பெரிய பெட்டி கட்டியிருந்தது. பார்த்துவிட்டுத் தாண்டிப் போனவள்தான். முன் போர்க்கில் அந்தப் பற்றவைப்பு! திரும்பி வந்தேன். குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். நூல் தட்டுப்பட்டது. இரண்டு பெருக்கல், ஒரு கோடு. கண்ணால் பார்க்கவே வேண்டாம், இந்த விரலுக்குத் தெரியும்.

அதில் யாரோ ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். நான் என் இரும்புப் பூட்டை எடுத்து, சக்கரத்தையும் மின்கம்பத்தையும் சேர்த்துப் பூட்டினேன். கடைப் படியில் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தது சுகமாக இருந்தது.

பார்சல் கொண்டு போகிற ஆள் வந்தார். "யாரு என் வண்டிக்குப் பூட்டு போட்டது?"

"நான்தான். என் வண்டிக்கு நான் போட்டிருக்கேன்."

கூட்டம் கூடிவிட்டது. காசு கொடுத்து வாங்கியதாக அவர் கத்தினார். ரயில் ஸ்டேஷன் பக்கம் ஒருத்தனிடம், பாதி விலைக்கு. ஒரு பெரிய மனுஷர், "விட்டுக் குடுத்துப் போங்கம்மா, பொம்பள இப்படி ரோட்டுல உக்காரலாமா?" என்றார். "உங்க வண்டி போனா நீங்க எங்க உக்காருவீங்க சார்?" என்றேன். மருந்துக்கடைக்காரரைச் சீட்டுக்கு அடியில் கை விடச் சொல்லி, என்ன இருக்கும் என்று முன்கூட்டியே எல்லாரிடமும் சொன்னேன். அவர் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். புகார் நகலையும் நீட்டினேன்.

மருந்துக்கடைக்காரர் போனிலேயே பஞ்சர் கடைக்காரரை வரவழைத்தேன். கையில் கிரீஸோடு வந்தார். "போர்க்கு என் கை வேல. கறுப்பு அடிச்சா மறைஞ்சிடுமா?" பிறகு பார்சல்காரரிடம் திரும்பினார். "பாதி விலைக்குக் கெடச்சா, மீதி யார் தலையிலன்னு கேக்க வேணாமா நீ?"

பார்சல்காரர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். "இன்னும் ஒம்போது வீடு பாக்கி இருக்குக்கா" என்றார். பாவமாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியாதா அந்த நிலைமை? ஆனாலும் நான் பூட்டைத் திறக்கவில்லை. பஞ்சர் கடைக்காரர்தான் முனகிக்கொண்டே, "வா, ஒரு ஓட்ட வண்டி இருக்கு, வாடகைக்கு எடுத்துக்க" என்று அவரைக் கூப்பிட்டார். பெட்டியையும் அவர் மாட்டியிருந்த கேரியரையும் கழற்ற நான் கைகொடுத்தேன். அவர் தன் பூட்டைத் திறந்த பிறகுதான் என் பூட்டைத் திறந்தேன்.

வீட்டுக்கு மணியடித்துக்கொண்டே வந்தேன். அட, திருடனோ பார்சல்காரரோ, யாரோ பெல் மாட்டியிருக்கிறார்கள்!

ஏப்ரல் 19, ஞாயிறு

வீட்டுக்காரர் கறுப்பு பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். நான் கேட்கவில்லை. அவராகவே உட்கார்ந்தார். தலையைத் தூக்காமல், "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். நல்லா அழுத்திச் சுரண்டுங்க என்றேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மேலாளரம்மா ஜன்னல் கம்பியில் இரும்புப் பூட்டைப் பார்த்தார். "சிவப்புப் பை எங்க?" என்றார். இனி தேவையில்லை மேடம் என்றேன். சாவி எனக்குத்தான்! மடிப்புப் பிரிவுக்காரியைக் கூப்பிட்டது எனக்கு உதவியாளாக இருக்கச் சொல்லத்தானாம். எத்தனை ராத்திரி தூக்கம் போச்சு எனக்கு!

மே 4, திங்கள்

எழுந்து பார்த்தால் கூடத்தில் சைக்கிள் இல்லை. ஜன்னலுக்கு ஓடினேன். எட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரர் அதைக் கீழே இறக்கி வைத்துக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பாதி பச்சை, பாதி கறுப்பு.

படிக்கட்டில் மகாராஜா. சட்டையை உள்ளே விட்டு, தலை சீவி, ஹெல்மெட் கையில். மோட்டார் சைக்கிள் இரண்டு நாளாக மெக்கானிக்கிடம் இருக்கிறதாம். முதல் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணி, போற வழிதானே... என்னைய அந்த பாலம் வரைக்கும்..."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கேரியர் இல்லையே தம்பி."

வீட்டுக்காரர் பம்போடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மேம்பாலத்தில் இறங்கவில்லை. பூட்டுச் சாவியும் சலவைக்கூடத்துச் சாவியும் ஒரே வளையத்தில் வழியெல்லாம் கிலுங்கின. கதவைத் திறந்தேன். பாய்லரைப் போட்டேன். மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.