வெள்ளைத் துணிக்குள் ஒரு முகம்

ஜூலை 3, புதன்

கச்சான் காற்று விடுவதாக இல்லை. ஜன்னலைச் சாத்தியும் மேசை முழுக்க மணல். காலையிலிருந்து மூன்று தடவை கூட்டியாயிற்று. இத்தா 63ஆம் நாள். புருஷன் போய் நாலு மாதம் பத்து நாள் வெளியே போக முடியாதவளுக்குக் கூட்டுவதைத் தவிர வேறென்ன வேலை.

அவருடைய போன் ஊதிக்கொண்டு வருகிறது. பின்மூடி ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. கண்ணாடி முன்பே உடைந்ததுதான், மோட்டாருக்கு மேல் விழுந்து. மகள் ஹஸ்னாவுக்குக் கோல் எடுத்தேன்.

"பெட்டரி போய்த்து உம்மா. சும்மா சும்மா சார்ஜ் போட வேணாம், வெடிச்சிரும். சனிக்கிழம நான் கம்பியூட்டரக் கொண்டு வாறன். வாப்பாட படமெல்லாத்தையும் அதுல ஏத்துவம்."

சனி வரை எங்கே வைப்பது? அலுமாரியில் வைத்தால் உடுப்போடு எரியும். கடைசியில் அடுப்படியில், அலுமினியச் சட்டிக்குள், மூடி போட்டு. வெடித்தால் சட்டியோடு போகட்டும். பழைய சட்டி.

போனில் என்னென்ன:
- தண்ணீர் மோட்டார், நாலு பக்கமும்
- வெங்காயப் பாத்தி, நட்ட நாளிலிருந்து பிடுங்கிய நாள் வரை
- கடைத் தட்டுகள். சிங்கள எழுத்து அவருக்கு வராது. கற்பிட்டியில் கடைக்குள் நின்றபடி படம் எடுத்து எனக்கு அனுப்புவார். கீழே ஒரே சொல்: "இதா?"
- நோன்பு மாதம், வீட்டில் பெண்கள் தராவீஹ் தொழுத படங்கள்
- மையித்துப் படம், அடக்குவதற்கு முன் எடுத்த அவருடைய முகம். ஒன்று.

அதைப் பற்றி இதுவரை எழுதவில்லை. மே 2. காலையில் மாம்புரித் தோட்டத்தில் மோட்டாருக்குப் பக்கத்தில் மணலில் விழுந்தவர், எழும்பவில்லை. பின்னேரம் அஸருக்கு அடக்கம். மகன் ரிஸ்வான் கத்தாரில். அவன் வந்துசேர ஒரு நாளாவது வேண்டும். மையித்தை அதுவரை வைத்திருக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. போனில் அழுதான்: "மொகத்த மட்டும் ஒரு படம் எடுத்து வைங்க உம்மா. இப்ப அனுப்பாதீங்க, எனக்குப் பாக்க ஏலா. ஏலுமான நாள் நானே கேக்கிறன்."

அவருடைய தங்கை, என் மச்சி, "மையித்தப் படம் எடுக்கக் கூடுமா?" என்று சத்தம் போட்டா. என் நானா, கூடப்பிறந்த மூத்தவர், எடுக்க முன்வந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் மையித்தின் போனாலேயே மையித்தைப் படம் எடுத்தார். வேறு யாரிடமும் அது இல்லை. நானும் திறந்து பார்க்கவில்லை. உள்ளே இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

அவருக்குத் தன் வாப்பாவின் முகம் ஞாபகம் இல்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்தவர்கள். இருந்த ஒரே படம் அங்கேயே சுவரில் நின்றுவிட்டது. "மூக்கு எனக்கு மாதிரியாம், சொல்றாங்க" என்பார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த வாப்பா. என் மகனுக்கு அப்படி ஆகக்கூடாது.

ஜூலை 6, சனி

ஹஸ்னா வந்தாள், கனமூலையிலிருந்து, பிள்ளையையும் கம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு. கம்பியூட்டர் துவாயில் சுற்றி, பிள்ளை சும்மா.

வயரைக் குத்தினோம். கம்பியூட்டர் சட்டை செய்யவில்லை. போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. போனில் மேலிருந்து கீழே விரலால் இழுத்து ஒன்றை அமத்த வேண்டுமாம், அப்போதுதான் படங்கள் வெளியே வருமாம். அந்த மேல் பக்கம்தான் கண்ணாடி உடைந்த இடம். விரலுக்குப் பணியவில்லை. ஹஸ்னா இழுத்தாள், நான் இழுத்தேன், பிள்ளையும் இழுத்தது.

"கண்ணாடி மாத்தாம ஏலா உம்மா. பெட்டரியையும் சேத்து மாத்துவம். டவுன் கடையில குடுத்தா செஞ்சி தருவாங்க."

"கடையிலயா? உள்ளுக்குப் பூரா பொம்புளப் படம். நீ தலையில ஒண்டும் போடாம நிக்கிற படம் எத்தின கெடக்கு!"

"அதெல்லாம் என்ட போன்லயும் இரிக்கி. பொம்புளப் படத்த அழிச்சிட்டு நானாமாமாட்டக் குடுத்து விடுங்க. குப்பத் தொட்டி எண்டு ஒண்டு இரிக்கும், அதையும் காலியாக்குங்க. அதுக்குள்ளயும் பாப்பாங்க."

அந்த ஒரு படத்தை மட்டும் உன் போனுக்கு எடுத்துவையேன் என்றேன். முகம் மாறிவிட்டது. "வேணாம் உம்மா. தெரியாம கைபட்டுத் தொறந்துட்டா நான் என்ன செய்ற?" வற்புறுத்தவில்லை. அவளுக்கும் வாப்பாதானே.

மஃரிபுக்கு முன் போய்விட்டாள். கம்பியூட்டர் இங்கேயே. என்னென்ன அமத்த வேண்டும் என்று நம்பர் போட்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறாள், ஏழு வரி. பாலர் பள்ளியில் நான் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்த மாதிரியே.

ஜூலை 7, ஞாயிறு

காற்று கொஞ்சம் குறைவு. பாண்காரன் வரவில்லை. நானா பத்து மணிக்கு வருகிறேன் என்றார். ஒன்பதுக்குப் போனோடு உட்கார்ந்தேன். சார்ஜ் 11.

அழிப்பது லேசான வேலை. நகத்தளவு கட்டங்கள். ஒன்றை அழுத்திப் பிடித்தால் டிக் விழுகிறது, பிறகு தொட்டதெல்லாம் டிக். மச்சி மகளின் கல்யாணம், பெண்கள் பக்கம்: டிக். ஹஸ்னா தலை துவட்டுகிறாள்: டிக். நான் மீன் வெட்டுகிறேன், இதை எப்போது எடுத்தார்: டிக். பிறகு தராவீஹ் படங்கள். தலையைச் சுற்றிய வெள்ளை மக்கனாவுக்குள் ஒரு முகம், வெள்ளை மக்கனாவுக்குள் இன்னொரு முகம். என் மூக்குக் கண்ணாடி ஒரு கால் இல்லாமல் கிடக்கிறது, போட்டால் விழுகிறது, போடவில்லை. யார் எவர் என்று பார்க்க நேரமும் இல்லை. வெள்ளையைக் கண்டால் டிக்.

அவருடைய படம் எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக எடுத்தது என்பதால் முதல் வரிசையில் இருக்கும் என்ற நினைப்பு. முதல் வரிசையைத் தொடவே இல்லை.

நாற்பத்து மூன்று. அழிக்கவா என்று கேட்டது. ஓம். குப்பைத் தொட்டி. நிச்சயமா என்று திரும்பவும் கேட்டது. நிச்சயம்தான். வீடு கூட்டி முடித்த மாதிரி ஒரு திருப்தி.

நானா ப்ளேன்டீ குடித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டார். "சுத்தமா?"

"சுத்தம், நானா."

ஜூலை 10, புதன்

போன் வந்தது. புதுக் கண்ணாடி, வயிறு வற்றிவிட்டது.

ஹஸ்னாவின் தாளை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக. 1, வயர். 2, மேலிருந்து இழு. இழுபட்டது! 3, 4. ஐந்தாவது வரியில் கரண்ட் போய் வந்தது. திரும்ப முதலிலிருந்து. 7 முடிந்ததும் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. ஆயிரத்துச் சொச்சம் படங்கள். கதிரையில் உட்கார்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்திருந்தால் "நீ இஞ்சினியர் ஆகிட்டாய்" என்று கேலி செய்திருப்பார்.

லுஹர் தொழுதுவிட்டு வந்து, மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டி, பெரிய திரையில் ஒவ்வொன்றாக. மோட்டார். மோட்டார். வெங்காயம். சவர்க்காரத் தட்டு: இதா? தேயிலைத் தட்டு: இதா? பல்வலி மருந்து: இதா? ஒன்றிலும் அவர் இல்லை. ஒரு படத்தில் விரல் நுனி. ஒன்றில் பாத்தி மேல் நிழல், தொப்பியோடு. எடுத்தவர் எப்படிப் படத்தில் இருப்பார் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். பரவாயில்லை, கடைசியில் ஒன்று இருக்கிறது.

கடைசிக்கு வந்தேன். கடைசி ஒன்பதும் நிலம். ஹஸ்னாவின் பிள்ளை போனை வைத்து விளையாடி எடுத்த நிலம், பாய், தன் கால். அதற்கு முன்னால் மே 1, ஒழுகுகிற குழாய். மே 2 இல்லை.

திரும்பப் பார்த்தேன். திரும்ப. போனிலும் பார்த்தேன்.

பிள்ளையின் ஒன்பது படங்கள் அதைக் கீழே தள்ளியிருக்கின்றன. மூன்று வரிசை கீழே, தராவீஹ் படங்களுக்குப் பக்கத்தில். வெள்ளைக் கபன் துணிக்குள் ஒரு முகம். நகத்தளவு. நான் டிக் போட்டிருக்கிறேன்.

அவரை நானே அழித்தேன். கடைக்காரன் பார்க்கக்கூடாது என்று.

சோறு ஆக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

ஹஸ்னா கடைக்குக் கோல் எடுத்துக் கேட்டாளாம். குப்பையையும் காலி செய்திருந்தால் எடுக்க முடியாது என்று சொன்னார்களாம். "நான்தானே உம்மா காலியாக்கச் சொன்னன்" என்று அழுகிறாள். பிழை அவளுடையது இல்லை. அவள் சொன்னது பொம்புளப் படத்தை. எனக்குத்தான் கண்ணும் இல்லை, பொறுமையும் இல்லை.

மச்சி வந்தா, கருவாடு கொண்டு. சொன்னேன். "அல்லாஹ் விரும்பல்ல போல. விடு" என்றா. ஆறுதலாகத்தான் சொன்னா. எனக்கு எரிந்தது. கருவாட்டை வாங்கி வைத்தேன்.

ரிஸ்வானிடம் யாரும் சொல்லவேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். அவன் இப்போதைக்குக் கேட்க மாட்டான். வருஷம் போகலாம்.

ஜூலை 12, வெள்ளி

கேட்டுவிட்டான்.

லீவு நாள், ஜும்ஆவுக்குப் பிறகு எடுத்தான். என்ன சமைத்தீர்கள், காற்று எப்படி, பிரஷர் குளிசை போட்டீர்களா. கடைசியில்: "உம்மா, இப்ப ஏலும் போல இரிக்கி. அத அனுப்புங்க."

"கரண்ட் இல்ல மகன். கம்பியூட்டர் எழும்புதில்ல."

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும். ஜும்ஆ நாளில், இத்தாவில் இருந்துகொண்டு, பெற்ற பிள்ளைக்குப் பொய். இரண்டு மாதமாக மனதைத் தேற்றித் தேற்றி இன்றைக்குக் கேட்டிருக்கிறான். அவனிடம் கரண்ட் இல்லை என்றேன்.

ஜூலை 13, சனி

காலையில் நானே எடுத்தேன். சொல்லிவிட்டேன், ஒன்றையும் ஒளிக்காமல்.

ஏசுவான் என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

"வெள்ளயா இருந்திச்சு மகன். பொம்புள எண்டு நெனச்சிட்டன்."

"வாப்பாவயா?" என்றான். சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். பிறகு அவன் சிரிப்பு நிற்காமல் போய் அழுகையாக மாறியது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

பிறகு சொன்னான்: "நீங்க பாத்தீங்கதானே உம்மா. நீங்க பாத்தத எழுதுங்க. எழுதி அந்தத் தாளப் படம் எடுத்து அனுப்புங்க. மூக்கு எனக்கு மாதிரி எண்டு மட்டும் எழுத வேணாம்."

சொல்ல வாய் வராது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதுகிறேன்.

மகன்,

மூடுவதற்கு முன் "கடைசியாப் பாத்துக்கோங்க" என்று கூப்பிட்டார்கள். கண்ணீர் மேலே விழக்கூடாது என்று மச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டா. அதனால் அழாமல் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன்.

கண் மூடியிருந்தது. இடது கண் முழுக்க மூடவில்லை, நூலளவு.

நெற்றியில் வெயில் பட்ட கறுப்பும் தொப்பி மறைத்த வெள்ளையும், நடுவில் கோடு.

தாடியை யாரோ சீவியிருந்தார்கள், வலது பக்கமாக. வாப்பா ஒருநாளும் அப்படிச் சீவியதில்லை.

வாய் நோவு பட்ட வாய் இல்லை. இது உண்மை. உன்னைத் தேற்றுவதற்காக எழுதவில்லை.

வலது காது மடிப்புக்குள் கொஞ்சம் மணல் இருந்தது, மாம்புரி மணல். குளிப்பாட்டியவர்கள் கவனிக்கவில்லை. துடைக்கக் கை போனது. தொட்டால் அழுதுவிடுவேன் என்று கையை எடுத்துக்கொண்டேன். அந்த மணலோடுதான் போனார்.