தொடுவதற்கு முன் ஒரு போன்

இன்று காலை ஒன்பது மணிக்கு நீ என்னை அதட்டினாய். நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது.

நம் மின்மடல் குழுவை நடத்தும் மென்பொருளின் நிரலுக்குள்ளே, எங்கேயோ நடுவில், தமிழில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாய். கணினி அதைப் படிக்காது, மனிதர்கள் படிப்பதற்கு மட்டும். “யாரா இருந்தாலும் சரி, இந்த வரிய தொடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு. காரணம் கீது.” கீழே உன் கைபேசி எண். என்ன காரணம் என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எழுதுகிறவள் எழுதினாய், இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்? அழுகை அப்புறம்தான் வந்தது.

அந்த வரியைத் தொடாமல் இருக்கவும் முடியாது. சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்கள் பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பு இந்த வாரத்தோடு சரி என்று மூன்றாவது முறையாக எழுதிவிட்டார்கள். நம் குழு ஓடுவது அந்தப் பழைய பைத்தானில். நீ இருந்தபோதே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். “ஓடிகினு கீதுல்ல, உடுடி” என்பாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் வேலை பார்த்த அந்தச் சின்னக் கம்பெனியில், ஊருக்கெல்லாம் பழைய நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றிக் கொடுத்துச் சம்பளம் வாங்கினோம். சொந்தக் குழுவுக்கு மட்டும் நேரம் வரவில்லை.

யாரோ எழுதி இலவசமாகப் பொதுவில் வைத்த மென்பொருள் அது. நீ எடுத்து வெட்டி ஒட்டி, அதையும் பொதுவிலேயே வைத்து, ரத்தம் கேட்பவர்களையும் கொடுப்பவர்களையும் சேர்த்துவைக்கும் குழுவாக்கினாய். வாட்ஸ்அப் காலத்தில் மின்மடலா என்று கேட்டவர்களிடமெல்லாம் சண்டைக்குப் போவாய். “உன் வாட்ஸ்அப்புல போன வருஷம் செத்தவனுக்கு இன்னும் ரத்தம் கேட்டுகினு கீறானுங்க. எப்ப முடிஞ்சுதுன்னு எவனாவது சொல்றானா?” உன் குழுவில் அது கட்டாயம். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் முடிவில் ‘முடிந்தது’ என்று தலைப்பிட்டு ஒரு மடல் போயாக வேண்டும். யார் கொடுத்தார், நோயாளி எப்படி இருக்கிறார், இரண்டே வரி. நான் ஒரு தடவை மறந்துவிட்டேன் என்று பாடி மேம்பாலத்துக்குக் கீழே, பஸ் இரைச்சலுக்கு மேலே கத்தினாயே. “முடிஞ்சா முடிஞ்சுதுன்னு சொல்லணும். கேட்டவங்க பாத்துகினே இருப்பாங்கல்ல?”

அப்படித் திட்டு வாங்கியவள் என்ன செய்தேன் தெரியுமா? மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள், மூன்றாம் நாள் உன்னைப் பாடியில் உங்கள் வீட்டு வாசலில் கிடத்தினார்கள். குழுவுக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. மடல்களின் அடியில் தொடர்புக்கு என்று இருந்த உன் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டேன். உன் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். நாளை எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம் என்று பதினொரு மாதமாக உன் பெயரில் நான் ரத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காலைக்கு வருகிறேன். உன் குறிப்புக்குக் கீழே இருந்த வரியைப் படித்தேன். ஒரே ஒரு மின்மடல் முகவரி. அந்த முகவரிக்கு மட்டும் சில மடல்களை அனுப்பாமல் நிறுத்துகிற மாதிரி இருந்தது. யார், ஏன், ஒன்றும் தெரியவில்லை. புத்தி கெட்டுப்போய் நீ எழுதிய எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது! எடுத்தது ஓர் ஆள். “அலோ, யார் வேணும்? ராங் நம்பர்மா.” உன் எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

பிறகு என் வழக்கப்படி எல்லாவற்றையும் புதிய பைத்தானுக்கு மாற்றினேன். சோதனைகளை ஓட்டினேன். எல்லாம் பச்சை. பிழை என்று ஒரு வார்த்தை வரவில்லை. உன் வரியும் புதிய பைத்தானில் முனகாமல் ஓடியது. பெரிய ரகசியம் என்று பூச்சாண்டி காட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பழையதை நிறுத்திப் புதியதை ஓடவிட்டேன்.

பத்தரைக்கு முதல் வேண்டுகோள் வந்தது. ஆவடியில் ஒரு மருத்துவமனை, பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு, ஓ நெகட்டிவ், இரண்டு யூனிட், மாலைக்குள். கணவர் போனில் பேசினார். “மேடம், எல்லா இடத்திலயும் கேட்டுட்டோம், இல்லைங்கிறாங்க மேடம்.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு மேடம். மடலை அனுப்பினேன். புதிய பதிப்பில் போகும் முதல் மடல். ஒருவர் விடாமல் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது என்று பதிவேடு காட்டியது. நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

அந்த ‘ஒருவர் விடாமல்’தான் தப்பு. பத்து நிமிடத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. வயதான பெண் குரல்.

“பாடிப் பொண்ணுதானே பேசறது?”

“அவ ஃப்ரெண்டுங்க. சொல்லுங்க.”

“நான் வேப்பம்பட்டுலேந்து பேசறேம்மா. எனக்கு இன்னிக்கு ஒரு மெயில் வந்துச்சு, ரத்தம் வேணும்னு. எனக்கு அது வராதே! வராதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே. அது இல்லியா அங்க?”

“வெளியே போயிருக்கா,” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். நாலு வருடத்துக்கு முன் அவர் கணவருக்கு ஓ நெகட்டிவ் கேட்டு நம் குழுவில் மடல் போயிருக்கிறது. ஆள் கிடைத்து வந்து சேருவதற்குள் அவர் போய்விட்டார். கேட்டவர் என்று குழுவில் சேர்த்திருந்ததால், அதன்பிறகு ஒவ்வொரு வேண்டுகோளும் அந்த அம்மாவின் போனுக்கு வந்திருக்கிறது. படிக்கத் தாங்காமல், தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி உன்னிடம் கேட்டிருக்கிறார். நீ அவர் வீட்டுக்கே போயிருக்கிறாய். “கேக்கற மெயில் உனக்கு வராதும்மா, கெடச்ச மெயில் மட்டும் வரும்னு சொல்லிச்சு. அதான் வந்துகினு இருந்துச்சு. யாருக்கோ கெடச்சுது, யாரோ ஊட்டுக்குப் போயிட்டாங்கன்னு. காலைல சாமி கும்புட்டுட்டு அதத்தான் படிப்பேன். இப்ப இந்த ஆவடிப் பொண்ணுக்கு கெடைக்குமா கெடைக்காதா? சொல்லும்மா.”

கிடைத்ததும் அழைக்கிறேன் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொரட்டூர் ஸ்டேஷனில் நீ வேப்பம்பட்டு வழியாக வரும் மின்சார ரயிலை விட்டு இறங்கி வந்தது ஞாபகம் வந்தது. என்னோடு சினிமாவுக்கு வருவதாகச் சொல்லி ஏமாற்றிய நாள். எங்கே போனாய் என்று கேட்டால், “ஒரு ஊட்டுக்குப் போய்கினு வரேன்டி, அவ்ளோதான்” என்றாய். நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. கொஞ்சம் சொல்லியிருக்கலாம் நீ. கொஞ்சம் பொறுத்துக் கேட்டிருக்கலாம் நானும்.

போனை வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி பிரித்துப் பார்த்தேன். பழைய பைத்தானுக்கு எழுத்தும், அந்த எழுத்தைக் கணினி சேமித்து வைக்கும் பைட்டும் ஒன்றுதான். புதியதற்கு இரண்டும் வேறு வேறு. ஒப்பிடச் சொன்னால் சண்டை போடாது, நின்றுபோகாது. ‘வேறு’ என்று முடிவு செய்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். உன் வரியில் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் பைட்டு. அந்த அம்மாவின் முகவரியை அந்த அம்மாவுடையது இல்லை என்று சொல்லிவிட்டது. சோதனை எப்படிப் பிடிக்கும்? இப்படி ஒரு அம்மா இருப்பது எனக்கே தெரியாதே. திருத்தியது ஒரே சொல். ஐந்து நிமிட வேலை.

ஆனால் அனுப்பிய மடலைத் திரும்ப வாங்க முடியாது. ஆவடியில் ஒருத்தி படுத்திருக்கிறாள், வேப்பம்பட்டில் அந்த அம்மா போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். நான் சாப்பிடவில்லை. ஓ நெகட்டிவ் ஆட்கள் ஒவ்வொருவரையும் போனில் அழைத்தேன். ஒருவர் பெங்களூரில். ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவர் போன மாதம்தான் கொடுத்தாராம். எடுக்காதவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்தேன். ஒரு மணிக்குக் கொரட்டூர்க்காரர் ஒருவர் போய்க் கொடுத்தார். இன்னொரு யூனிட்டுக்கு ஆள் இல்லை. இரண்டு மணி. மூன்று மணி. அந்தக் கணவர் அழைத்தபோது மேடம் என்று சொல்வதை நிறுத்தியிருந்தார். மூன்றரைக்குப் பூந்தமல்லியிலிருந்து ஒருவர், “இப்பதான்க்கா மெயில் பாத்தேன், வண்டிய எடுத்துட்டேன்” என்றார். ஆறரைக்குக் கணவர் மறுபடி அழைத்தார். அழுகிறார், ஒன்றும் புரியவில்லை. “தம்பி, ஒரு வார்த்த சொல்லுங்க” என்று நான் கத்தினேன். “நின்னுடுச்சு மேடம். ரத்தம் நின்னுடுச்சு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க.”

‘முடிந்தது’ என்று தலைப்பிட்டு அனுப்பினேன். பதிவேட்டில் அந்த முகவரியைத் தேடினேன். போயிருந்தது. பிறகு ஒரு பொய் வேண்டுகோளை எழுதி அந்த முகவரிக்குப் போகிறதா என்று தனியாகச் சோதித்தேன். போகவில்லை. உன் வரி வேலை செய்தது.

அந்த அம்மாவை அழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லம்மா, கெடச்சுதில்ல,” என்றார். “ஆனா இன்னொரு வாட்டி வேணாம்மா. இந்தப் பகல் என்னால முடியல.” வராது என்று சொன்னேன். அப்புறம் கேட்டார், “அந்தப் பொண்ணு வந்துச்சா?”

இன்னொரு பொய்யும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்ல செய்தி மட்டும் போகட்டும் என்று நீயே ஏற்பாடு செய்து வைத்த ஆள் அவர். ஆனால் அவரும் பார்த்துக்கொண்டே இருப்பாரே? சொன்னேன். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை முகம் தெரியாத அந்த அம்மாவிடம் சொன்னேன்.

“பதினோரு மாசமா?” என்றார். “அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனேம்மா. வேப்பம்பட்டுலேந்து பாடி எவ்ளோ தூரம்?”

நீ இருந்திருந்தால் மேம்பாலத்துக்குக் கீழே நிறுத்தி வைத்து இதையேதான் கேட்டிருப்பாய்.

இப்போது மணி எட்டு. குழுவுக்கு ஒரு மடல் எழுதி அனுப்பிவிட்டேன். உன் பெயர், அதன் பக்கத்தில் ‘முடிந்தது’. உள்ளே இரண்டே வரி, உன் சட்டப்படி. எல்லாருக்கும் போனது, வேப்பம்பட்டுக்கும் போனது. மடல்களின் அடியிலிருந்த உன் பெயரையும் எடுத்துவிட்டேன்.

கடைசியாக உன் குறிப்புக்கு வந்தேன். காரணத்தை விளக்கி நாலு வரி எழுதலாம் என்று விரல் வைத்தேன். அந்த அம்மாவின் துக்கத்தை, பொதுவில் கிடக்கும் நிரலில் யாரும் படிக்கும்படி எப்படி எழுதுவது? நீ ஏன் எழுதவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. காலையில் உன்மேல் பட்ட கோபத்துக்காக மன்னித்துக்கொள். உன் வார்த்தைகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. “எனக்கு ஒரு போன் போடு. காரணம் கீது.” உன் எண்ணை மட்டும் அழித்துவிட்டு என் எண்ணை எழுதினேன்.

இனி யார் அந்த வரியைத் தொட வந்தாலும் போன் எனக்கு வரும். நான் எடுப்பேன்டி.