வெள்ளையம்மாவுக்காக நான் கேட்டது

12 மார்ச் 1944, ஞாயிறு
லாயாங் லாயாங் தோட்டம்

இன்றும் ஆராதனைக்கு நான் ஒருத்திதான். பிரசங்கமும் நான், சபையும் நான், ஆமென் சொல்வதும் நான். மிஷன் என்னையும் வீட்டுக்காரரையும் இந்த ரப்பர் தோட்டத்துக்கு ஊழியத்துக்கு அனுப்பியது. அவர் சண்டைக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். பாதிரியாரை ஜப்பான்காரன் சிங்கப்பூரில் அடைத்து வைத்திருக்கிறான். பாட்டில் நான் ராகம் தப்பினால் முறைக்கக்கூட ஆள் இல்லை.

சாயங்காலம், ஒரே கூரையடியில் வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் லயத்தில் அடுத்த வீட்டு வெள்ளையம்மா மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள். விடுவேனா? உலகம் உண்டாகும் முன்பே கர்த்தர் தம்முடையவர்களைப் பேர் பேராகத் தெரிந்தெடுத்துக்கொண்டார் என்று ஆரம்பித்தேன்.

"அப்ப எம் பேரு இருந்தா இருக்கு, இல்லாட்டி இல்ல. நீங்க எதுக்கு தவமணியக்கா மூச்சு வாங்கப் பேசறீங்க? கெழங்கு ஆறுது, சாப்பிடுங்க."

பாதிரியாரிடம் இதையே நானும் கேட்டிருக்கிறேன். தெரிந்தெடுப்பது கர்த்தர் வேலை, போய்ச் சொல்வது உன் வேலை என்றார். அன்று புரிந்த மாதிரி இருந்தது. இன்று கிழங்கைத் தின்றேன்.

19 மார்ச்

வெள்ளையம்மா ஆராதனைக்கு வரவேண்டும் என்று தினமும் மன்றாடுவது அவள் ஆத்துமாவுக்காகவா, பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவா? கர்த்தருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

28 மார்ச், செவ்வாய்

போன வருஷம் ரயில் பாதை போட இந்தத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் சின்னத்தம்பி மட்டும் தப்பி வந்திருக்கிறான். கால் முழுக்கப் புண். வெள்ளையம்மாவின் புருஷன் அர்ச்சுனன் வாந்திபேதியில் செத்துப்போனானாம். குழியில் மொத்தமாகப் போட்டு எரித்தார்களாம்.

வெள்ளையம்மா அழவில்லை. தோளைப் பிடிக்கப் போனேன்.

"தொடாதீங்க" என்றாள்.

29 மார்ச்

தண்ணீர்க் குழாயடியில் வழிமறித்தாள்.

"லயத்துல தடுப்புப் பலகை கூரை வரைக்கும் போகாதுக்கா. நீங்க கும்பிடறது பூரா எனக்குக் கேக்கும். எந்தக் கஷ்டத்தக் குடுத்தாச்சும் வெள்ளையம்மாவ இழுத்துக்கங்கன்னு ஒரு வருசமா கேட்டீங்க. குடுத்துட்டாரு. போதுமா?"

குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் மிஷனில் எல்லோரும் அப்படித்தான் ஜெபிப்போம். நொறுக்கியாவது சேர்த்துக்கொள்ளும் என்போம். நல்லதுக்குத்தானே என்று நினைத்துச் சொல்வது. அர்ச்சுனன் பேரை நான் சொல்லவே இல்லை. ஆனால் அவளிடமிருந்து எடுக்க வேறு என்ன இருந்தது?

2 ஏப்ரல்

சின்னத்தம்பியிடம் போய், அர்ச்சுனன் செத்தது எந்த மாதம் என்று கேட்டேன். நான் அப்படி ஜெபிக்கத் தொடங்குவதற்கு முன்பாக இருந்துவிடாதா என்ற நப்பாசை.

"மழ, சேறு, பொணம். மாசம் எங்கம்மா தெரிஞ்சுது?" என்றான். அந்தப் புண்ணோடு கிடப்பவனிடம் இதைக் கேட்கப் போனேனே. வெட்கம்.

எல்லாம் முன்குறித்தபடி என்றால் என் ஜெபம் அர்ச்சுனனைத் தொடவில்லை. அப்போது இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் வெறும் சத்தம். ஜெபத்துக்குப் பலன் உண்டு என்றால் — எழுத முடியவில்லை. ஐயோ, நான் என்ன செஞ்சிட்டேன்?

7 ஏப்ரல், பெரிய வெள்ளி

அவள் வாசலில் போய் நின்றேன். கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டது தப்பு வெள்ளையம்மா."

"அவரு போனது நீங்க கேட்டதாலயா, அவரு தலையெழுத்தா?"

"தெரியலம்மா."

"தெரியாமத்தான் இத்தன நாளா எனக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?" நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே எம் பேர உங்க சாமிகிட்ட எடுக்காதீங்க."

சரி என்றேன். ஓர் ஆத்துமாவுக்காக மன்றாடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பாதிரியார் கேட்டால் என்ன சொல்வார்?

9 ஏப்ரல்

ஈஸ்டர். பாட்டை மனதுக்குள் பாடினேன்.

30 ஏப்ரல், ஞாயிறு

விளக்குக்கு எண்ணெய் இல்லை. இருட்டும் முன்பே முழங்கால் போட்டேன். இந்த மூன்று வாரமாக வாயைத் திறப்பதில்லை. தடுப்புக்கு மேலாக அவள் குரல் வந்தது.

"அக்கா, இப்பல்லாம் ஏன் சத்தமே வரல?"

"உனக்குக் கேக்கக் கூடாதுன்னுதான்."

கிளம்பிப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

"அவரப் பிடிச்சிட்டுப் போனதுலேருந்து உங்க சத்தத்தக் கேட்டுக்கிட்டுத்தான் கண்ண மூடுவேன். இப்ப பயமா இருக்குக்கா. சத்தமாவே கும்பிடுங்க. எம் பேரு மட்டும் வேணாம்."

சத்தமாக ஆரம்பித்தேன். நாக்கு பழக்கத்தில் அவள் பெயரிடம் போயிற்று. நிறுத்திக்கொண்டு, தவமணியை மன்னியும் என்றேன். ஆமென் சொல்லி எழுந்தேன்.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?" என்றாள்.

மறுபடி முழங்கால் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.