மறந்தது நீங்கள் இல்லை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்களும் பாப்பாவும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். பயப்படும்படி எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்றுத் தையல் கூடத்தில் எங்கள் சூப்பர்வைசர் அம்மா வலிப்பு வந்து விழுந்துவிட்டார். கையில் கொடுக்க இரும்புச் சாவி தேடி ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். "சாவியெல்லாம் வேணாம், தள்ளி நில்லுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மிஷின்களே நின்றுவிட்டன. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணியை மடித்து வைத்தேன். உங்களைப் பார்த்துப் பழகிய கைதானே!

வலிப்பு நின்ற பிறகும் அவருக்குப் பேச்சு வரவில்லை. பக்கவாதமோ என்று பதறி, ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "வலிப்பு வர்றப்போ மூளையில மின்சாரம் தாறுமாறா ஓடும், ரத்தமும் அங்க பாயும். அடங்கினதும் அந்த இடத்துல ரத்த ஓட்டம் கொஞ்ச நேரம் குறைஞ்சிடும். அதான் பேச்சு வரல. வந்துடும்."

வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்கு டார்கெட் முடிஞ்சுதா?"

வலிப்பு தெளிந்ததும் என் பெயர் வராமல் நீங்கள் திணறுவீர்களே. "உன்னையே மறந்துட்டேனே" என்று அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள். நீங்கள் மறக்கவில்லை. ரத்தம் வந்து சேரத் தாமதம், அவ்வளவுதான்.

மாத்திரையை விடாதீர்கள். குளியலறைக் கதவைத் தாழிடாதீர்கள். இங்கே எல்லாருக்கும் நான் வெறும் அக்கா. போன் பேசும்போது ஒரு தடவை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

பாப்பாவின் அம்மா