ஆற்றின் வாயில் வைத்த முதற்கல்

வாழ்க வெண்கோட்டு நாடு. காற்று முறை தவறாமல் வீசுக, கடல் தன் எல்லையில் நிற்க. அலையடக்கிய பெருமான், முத்துறைக் காவலர், திருவளர் நெடுவேள் கோமகனார் திருச்சமுகத்துக்கு, மாறுகால் திட்டில் கல் சுமக்கும் சாத்தன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுதிக்கொண்ட விண்ணப்பம். சாத்தன் எழுத்துக் கற்றது நாற்பது வயதுக்கு மேல், கல்லில் அடையாளம் வெட்டி வெட்டி. ஆகையால் எழுத்தாணி சறுக்கிய இடங்களைப் பொறுத்தருள்க.

திட்டில் யாவரும் நலம் என்று எழுதுவதே முறை. நலம் இல்லை, ஆகவே எழுதவில்லை.

மலையில் பெய்த மழையெல்லாம் ஆறாகி வந்து பதினோரு நாளாகத் திட்டைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. கடலுக்குப் போகும் ஆற்றின் வாய் மணலால் அடைபட்டுவிட்டது. ஆற்றுப் பக்கம் ஓடம் தள்ளினால் வெள்ளம் சுழற்றிவிடுகிறது; கடல் பக்கம் மணல்மேட்டில் அலை உடைந்து கட்டுமரத்தைக் கவிழ்க்கிறது. கிணறு உப்புக் கரிக்கிறது. நேற்று வாசற்படியில் நின்ற தண்ணீர் இன்று அடுப்பில் நிற்கிறது. திட்டிலுள்ள அறுபது பேரும் உப்புக் கிடங்கின் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

மணலைக் குவித்தது யார் என்று கேட்டால் காற்று என்பார்கள். அது பாதி மெய். தென்காற்று அலையைச் சாய்க்கும், சாய்ந்த அலை மணலை வடக்கே நடத்தும். மணல் தள்ளத் தள்ள ஆற்றின் வாயும் வடக்கே நகரும். வாடை எழுந்தால் எல்லாம் தெற்கே திரும்பும். திட்டில் பிறந்தவர்கள் வாய் இருக்கும் இடம் என்று ஓர் இடத்தைச் சொல்வதில்லை. 'வாய் இந்த மாசம் எங்க?' என்றே கேட்பார்கள்.

தங்கள் மரக்கலங்களுக்கு ஒதுங்கிடம் வேண்டிக் கற்சுவர் எழுப்ப ஆணை வந்தது வாடைக்காலத்தில். வாய் அப்போது தெற்கே வெகுதூரம் போயிருந்தது. பெருந்தச்சர் வெறும் மணலைக் காட்டி, ஆறு இங்கே வருமோ என்று சாத்தனை வினவினார். வரும் என்று அறிந்தவன் அவன். ஆயினும் முதற்கல்லில் அரச முத்திரைக்குக் கீழே எண் பொறிக்கும் பேறு அவனுக்கே என்று சொல்லியிருந்தார்கள். வராது என்று தலையசைத்தான்.

வந்தது. சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த மணல் ஏறி வாயை அடைத்தது.

நான்கு முறை மணல்மேட்டை வெட்டிப் பார்த்தார்கள். காலையில் வெட்டிய வாய்க்காலைக் கடல் மாலைக்குள் தூர்த்துவிட்டது. கூரைமேலிருந்து தங்கை மகள் நாச்சி, 'மாமா, ஆத்த மறிச்ச கல்லுக்கு எண் போட்டியே, ஆறு எங்கிட்டு வெளிய போவும்னு அதுலயே எழுதி வச்சியா?' என்று கேட்டாள். முதியவர் பூதனார், 'எழுதச் சொல்லாத தாயி, அவன் ஒரு எழுத்துப் போடுறதுக்குள்ள தண்ணி கூரைக்கு வந்துரும்' என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

முதற்கல்லைத் தொட்டவன் கை கொய்யப்படும் என்பது தங்கள் ஆணை. அந்தக் கல்லைப் பெயர்த்தால் மேல்வரிசை சரியும், ஆறு தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். பெயர்க்கிறவன் கல்லுக்கும் மணலுக்கும் நடுவே இறங்கித்தான் கடப்பாரை போட வேண்டும். தண்ணீர் உடைத்துக்கொண்டால் ஏற இடமில்லை. விடிந்ததும், கடல் வற்றும் வேளையில், சாத்தன் இறங்குவான்.

நீர் வடிந்த வழியே முதற் கட்டுமரம் போகும். அதில் நாச்சி இவ்வோலையைக் கொண்டு வருவாள். வேறு வழியில் இது வந்து சேராது. ஆகையால் இது தங்கள் திருக்கையில் இருக்குமாயின் கல் பெயர்ந்தது, குற்றம் நடந்தது. வேறு சாட்சி வேண்டாம். கையை எடுக்க வருவோர் கூரையில் இருந்தவர்களை வருத்த வேண்டாம், மணலில் தேடட்டும்.

ஒன்று மட்டும் ஆணையிட்டருள்க. வாடை எழுந்ததும் வாய் தெற்கே போய்விடும், சுவரின் இடைவெளியில் வெறும் மணல் கிடக்கும். அதைக் கண்டு அங்கே மறுபடி கல் வைக்கச் சொல்வார்கள். வைக்குமுன், ஆறு இங்கே வருமோ என்று திட்டில் உள்ளவர்களை ஒருமுறை கேட்கச் செய்க. இம்முறை மெய் சொல்வார்கள்.

சாத்தனுக்கு முத்திரை கிடையாது. முதற்கல்லில் இருந்த தங்கள் முத்திரையையே இன்று உளியால் பெயர்த்து இவ்வோலையோடு கட்டியிருக்கிறான். அதன் அடியில் இருக்கும் ஒன்று என்னும் எண்ணே அவன் கையொப்பம்.